ஒன்பது கிலோ நானூறு கிராம்

சிக்கனக் கணினி ஆலோசனைச் சபையைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடைத் தராசுகளைச் சோதித்து, படிக்கற்களைத் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். ஒரு அலுவலகம் மனிதனை அலைய வைப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நானே பலரை அலைய வைத்திருக்கிறேன். ஆனால் இருபத்தொரு நாட்கள் சபை என்னிடம் நடந்துகொண்ட விதத்தை உள்ளது உள்ளபடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். என் தொழிலுக்கு அது ஆகாது.

எங்கள் ஊரில் கணினிச் சாமான் விற்கும் கடைகள் மூன்று. மூன்றிலும் ஒரே பலகை தொங்குகிறது: ‘விளையாட்டுக் கணினிகளுக்குச் சபையின் முத்திரை இல்லாத பட்டியல் ஏற்கப்படாது.’ ஒரு காலத்தில் மக்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பாகம் பாகமாக வாங்கிப் போய், ஒன்றோடொன்று பொருந்தாமல் திரும்பி வந்து கடைக்காரர்களின் சட்டையைப் பிடித்தார்களாம். குறைந்த பணத்தில் விளையாட்டுக் கணினி கட்ட நினைப்பவர்களுக்கு இலவசமாக வழிகாட்ட, விஷயம் தெரிந்தவர்கள் சேர்ந்து சபையை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. கடைக்காரர்கள் மவுஸும் ஒயரும் விற்றுப் பிழைக்கிறார்கள்.

இது தெரியாமல் போன மாதம் பத்தாம் தேதி காலை நான் ஒரு கடையில் போய் நின்றேன்.

“கேம் விளையாடுற கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். நாப்பதாயிரம் வச்சிருக்கேன்.”

கடைக்காரர் என் நரைத்த மீசையையும் இஸ்திரி போட்ட சட்டையையும் பார்த்தார். “பேரப்பிள்ளைக்கா சார்?”

“யாருக்குன்னு தெரிஞ்சாத்தான் விப்பீங்களா?”

அவர் பலகையைக் காட்டினார்.

யாருக்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே சொல்லவில்லை.

என் மகன் என்னோடு பேசி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்து, இரண்டு வருடம் பணம் சேர்த்து, பக்கத்து ஊரில் ஒவ்வொரு பாகமாக வாங்கி ஒரு விளையாட்டுக் கணினி கட்டினான். அந்த வருடம் தேர்வில் ஒரு தாளில் தோற்றான். எங்கள் பரம்பரையில் தாளில் தோற்றவர் கிடையாது. அவன் வெளியே போயிருந்த ஒரு காலையில் நான் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். அவன் தராசில் வைத்தான். முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நின்றது. ஒன்பது கிலோ நானூறு கிராம். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மகனிடம் எடையைச் சொன்னேன். கிடைத்த காசையும் சொன்னேன். எடையில் நான் ஏமாறவில்லை என்பது அவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா. அவன் எழுந்து கை கழுவினான். மாலையில் ஒரு பையோடு போய்விட்டான். அவன் அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் நடுவில் நின்று பேச ஆள் இல்லை.

சொந்தக்காரர்களிடம் வெளிநாட்டில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். எந்த நாடு என்று கேட்டவர்களோடு போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி மாலை, வேறு ஊரில் குடியிருக்கும் என் மகள் போன் செய்தாள்.

“அப்பா, தம்பி எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாது. போன் நம்பரும் குடுக்கமாட்டேங்கிறான். ஒரு கேம்லதான் அவனப் பாக்குறேன். தெனமும் சாயந்திரம் அங்க வந்து உக்காந்திருப்பான்.”

“விளையாட்டுக்குள்ள எப்படிம்மா உக்காருவான்?”

“உக்காருவான்ப்பா. அதுல ஒரு துறைமுகம் இருக்கு. அங்க படிக்கட்டுல. ஆனா அந்த கேமை கம்பெனி மூடுது. முப்பதாந்தேதி சாயந்திரம் ஆறு மணியோட சரி. அதுக்கப்புறம் அவன எங்கன்னு தேடுறது?”

“எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லு.”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“‘எட்டு வருஷமா நான் இருக்குற எடம் இது. பேசணும்னா அவரு இங்க வரட்டும்’னான்.”

நான் போனை வைத்துவிட்டேன். அந்த விளையாட்டுக்கு எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கலாம். பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எங்கள் வீட்டில் அதுவரை வழக்கத்தில் இல்லை. அதற்குப் பதிலாக மகனின் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், அவன் கையெழுத்தில், அந்தக் கணினியின் பாகங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு விலை, அதை அடித்துவிட்டு அதைவிடக் குறைந்த ஒரு விலை. கடைசி வரியில் ‘பவர் சப்ளை’ என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சபைக்குப் போனேன்.

சபை ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படி ஏறியதும் ஆளுயர இரும்புக் கம்பம். அதன் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கணினியின் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை டோக்கன் அம்மா என்றார்கள்.

“ஐயா, கம்பத்தத் தொட்டுட்டு வாங்க.”

“எதுக்கு?”

“ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும். இல்லன்னா பார்ட்ஸெல்லாம் போயிடும்.”

“இங்க எங்கம்மா பார்ட்ஸ் இருக்கு?”

“இல்லதான். ஆனா ரூலு இருக்கே.”

“என் ஒடம்புல கரண்டெல்லாம் கெடையாது.”

“எல்லாரும் அப்படித்தான்யா சொல்றாங்க. தொட்டாத்தான் டோக்கன்.”

தொட்டேன். அவர் ஒரு படிவம் கொடுத்தார். நாற்பத்தொரு கட்டங்கள். பதினேழாவது கட்டம்: ‘பயன்பாட்டு நோக்கம். எந்த விளையாட்டு? யாருக்காக?’ அதில் ஒரு கோடு போட்டேன்.

“இத எழுதலையேய்யா.”

“அது எங்க வீட்டு விஷயம்.”

“எழுதலன்னா உலகத்துல இருக்குற எல்லா கேமுக்கும் சேத்துன்னு எடுத்துக்குவாங்க.”

“எடுத்துக்கட்டும்.”

என் பிசகு அந்த இடத்தில் ஆரம்பமானது. சபையின் பிசகு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பமாகியிருந்தது.

பதின்மூன்றாம் தேதி நெரிசல் உட்குழு என்னை விசாரணைக்கு அழைத்தது. உள்ளே போனதும் என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதிலிருந்து போன ஒயரை மேஜைக் காலில் கிளிப்பால் கவ்வவைத்தார்கள். இதுவும் உடம்பு மின்சாரத்துக்காகத்தானாம். முப்பத்தாறு ஆண்டு உத்தியோகத்தில் யாரும் என்னை மேஜையோடு கட்டியதில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அந்த ஒயர் அதற்கு மேல் என்னை நிமிர விடவில்லை.

உட்குழுவின் தலைவரை நெரிசலார் என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். கையில் கால்குலேட்டர். என் மகனின் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“இது யாரு போட்ட பட்டியல்?”

“தெரிஞ்ச பையன்” என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. நான் மறைக்கவில்லை.

“எட்டு வருஷத்துப் பழசு சார் இது. இதுல இருக்குற பார்ட்ஸெல்லாம் அதோ அந்த அலமாரியில இருக்கு.” சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் மேல் ‘இப்படி வாங்காதீர்கள்’ என்று எழுதி, உள்ளே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். “பவர் சப்ளைக்குக் கேள்விக்குறி போட்டிருக்காரு பாருங்க. அது சரியில்லன்னா மத்ததெல்லாம் எரிஞ்சிடும். தைரியசாலி!”

உட்குழு சிரித்தது. பிறகு அவர் நெரிசல் என்றால் என்ன என்று விளக்கினார். கணக்குப் போடும் ப்ராசசர் வேகமாகவும், படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மெதுவாகவும் இருந்தால் வேகம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கார்டை உயர்த்த வேண்டும். இன்னும் மூவாயிரம்தான். உயர்த்தினார்கள். இப்போது கார்டு வேகம், ப்ராசசர் மெது. ஆகவே ப்ராசசரை உயர்த்த வேண்டும். நாலாயிரம்தான். அதற்கு மதர்போர்டு ஈடுகொடுக்காது. அதை உயர்த்தினால் ரேம் போதாது. மூன்று அமர்வுகளில் நான்கு சுற்று வந்தார்கள். ஒவ்வொரு சுற்றும் சொற்பத் தொகைதான். பதினெட்டாம் தேதி மாலை கூட்டுத்தொகை ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தில் வந்து நின்றது. நெரிசலார் கால்குலேட்டரைக் கீழே வைத்து வியர்வையைத் துடைத்தார்.

“நெரிசல் சுத்தமா போயிடுச்சு சார். சந்தோஷமா?”

“என்கிட்ட நாப்பதாயிரம்தான் இருக்கு.”

“அது உங்க பக்கத்து நெரிசல். எங்க பக்கத்துல சரி பண்ணிட்டோம்.”

மகள் போன் செய்து, பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றாள். ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது என்றேன். சொல்லிவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். பன்னிரண்டு தாள்கள் பாக்கி இருந்தன.

இருபத்திரண்டாம் தேதி என் கோப்பு வருங்கால உட்குழுவுக்குப் போனது. அங்கே விசாரித்தவர் சாந்தமான மனிதர். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துப் பேசுவார். வருங்காலத்தார் என்று பெயர். பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இன்னைக்கு வாங்குறவன் நாளைக்கு அழுவான் சார். இன்னும் மூணு மாசத்துல புது கார்டு வருது.”

“அப்ப மூணு மாசம் கழிச்சு வாங்கணுமா?”

“கூடவே கூடாது. அப்ப அதுக்கடுத்த கார்டு மூணு மாசத்துல வரும்.”

“அப்ப எப்பதான் வாங்குறது?”

“எதுவும் வராதப்ப.”

“எனக்கு முப்பதாந்தேதிக்குள்ள வேணும்.”

அவர் ஒரு குறிப்பேட்டைப் புரட்டினார். “முப்பதாந்தேதி எந்த கார்டும் வரலையே. பின்ன எதுக்கு முப்பதாந்தேதி?”

பதினேழாவது கட்டத்தில் கோடு போட்டவன் இங்கே எப்படிச் சொல்வேன்? கேள்வியைத் திருப்பினேன்.

“நீங்க வீட்டுல எந்த கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்க?”

“நானா?” அவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். கண்களில் ஒரு பெருமிதம். “பதினாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன் சார். ஒரு தடவகூட ஏமாந்ததில்ல.”

என் கோப்பின் மீது ‘காத்திருக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

சபை எதையுமே அனுமதிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இருபத்தைந்தாம் தேதி ஒளி அலங்கார உட்குழு கூடி, பத்தே நிமிடத்தில், கணினிப் பெட்டிக்குள் ஒட்டும் வண்ண விளக்குச் சரம் ஒரு மீட்டருக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. கடைக்காரர் எழுந்து நின்று அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டார். சபை முத்திரையை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். சரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தேன். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். வேறு நாளாக இருந்தால் புகார் எழுதி ஒரு கை பார்த்திருப்பேன். அன்று சும்மா இருந்துவிட்டேன். அந்த அளவுக்குத் தளர்ந்து போயிருந்தேன் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பேரவைக் கூட்டம். உட்குழுக்களின் தீர்ப்பை எதிர்த்து நான் கொடுத்த மேல்முறையீடு அன்று எடுத்துக்கொள்ளப்படும் என்று ஓலை வந்திருந்தது. மகள் தன்னுடைய விளையாட்டுப் பெயரையும் கடவுச்சொல்லையும் போனில் சொல்லியிருந்தாள். அதில் அவள் ஒரு மீன்காரியாம். மகன் ‘கலங்கரை’ என்ற பெயரில் இருப்பானாம். எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாட்காட்டித் தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். மூன்று மணிக்குத் தீர்ப்பு, நாலு மணிக்குக் கடை, ஐந்து மணிக்கு வீட்டில் பூட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கம்பத்துக்கு முன்னால் வரிசை நின்றது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். டீ கொண்டுவந்தவர் டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டார். எனக்குப் பட்டை மாட்டப்பட்டது. நாலேகால் மணிக்குத் தலைவர் வந்தார். கம்பத்தை இரண்டு கையாலும் தொட்டு, கண்ணை மூடித் திறந்து, மேடைக்குப் போனார். பேச ஆரம்பித்தார்.

“நம்ம சபை ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. இந்த ஒன்பது வருஷத்துல, சபை முத்திரையோட வெளிய போன ஒரு கம்ப்யூட்டராவது ரிப்பேர்னு வந்திருக்கா? இல்ல. ஏன்? ஒண்ணுகூட வெளிய போகல. இதுக்குப் பேருதான் தரக் கட்டுப்பாடு!”

கைதட்டினார்கள்.

“ஏழைங்க காசு வீணாகக் கூடாது. அதான் நம்ம கொள்கை. இதுவரைக்கும் ஆயிரத்து இருநூறு மனுதாரருங்க காசக் காப்பாத்திக் குடுத்திருக்கோம். அவங்க ஒரு பைசா செலவு பண்ணல. பண்ண நாம விடல. அதுல முந்நூறு பேருக்கு விளையாடுற ஆசையே போயிடுச்சு. மனுவ வாபஸ் வாங்கிட்டாங்க. சிக்கனத்துல இதவிடப் பெரிய சிக்கனம் உண்டா?”

மறுபடியும் கைதட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

நான் எழுந்தேன். ஒயர் இழுத்தது. குனிந்தபடியே நின்று பேச வேண்டியிருந்தது. “தலைவர் மன்னிக்கணும். எனக்கு ஆறு மணிக்குள்ள வேணும்.”

“எது?”

“கம்ப்யூட்டர்.”

“இன்னைக்கா?” தலைவர் கோப்பைத் திறந்தார். “அவசரம்னா முப்பத்தெட்டாவது கட்டத்துல எழுதியிருக்கணுமே. காலியா இருக்கு. நோக்கத்துல ஒரு கோடு. நோக்கமும் இல்லாம அவசரமும் இல்லாம வந்துட்டு, ஆறு மணின்னா என்ன அர்த்தம் பெரியவரே?”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் கடைகளில் ஏறி வியாபாரிகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன், மேஜைக் காலில் கட்டப்பட்டு முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தேன்.

“அடுத்த பேரவைக்கு ஒத்தி வைக்கிறேன்” என்றார் தலைவர். “காத்திருங்க.”

நான் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அனுமதி கேட்கவில்லை. வெளியே வந்தபோது டோக்கன் அம்மா தலைதூக்கிப் பார்த்தார்.

“முடிஞ்சுதாய்யா?”

“முடிஞ்சு போச்சும்மா.” படியில் இறங்கத்தான் கால் வைத்தேன். இறங்கி எங்கே போவது என்று தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்துவந்து ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “உக்காருங்க. மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. என்ன கேம்தான்யா அது? என்கிட்டயாவது சொல்லுங்க.”

“நீலத்துறைன்னு பேரு.”

“நீலத்துறையா?” அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அது பன்னண்டு வருஷத்து கேமாச்சேய்யா! அதுக்கா இருபத்தொரு நாளா அலையிறீங்க? இந்த டப்பாலயே ஓடும்.”

நான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்தேன். “இது சபை வாங்கிக் குடுத்ததா?”

“சபைக்கு மெஷின் வாங்க மனு போட்டு ஏழு வருஷம் ஆச்சு. வருங்காலத்தார்கிட்ட இருக்கு. பழசு நின்னு போனப்ப, கண்ணாடி அலமாரியில இருந்து ஒண்ணொண்ணா எடுத்து மாட்டிக்கிட்டேன். இப்ப அங்க இருக்கிறது வெறும் அட்டப்பெட்டிதான். யாரு தெறந்து பாக்குறா?” பேசிக்கொண்டே விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். “உங்க பட்டியல டைப் அடிச்சப்பவே பாத்தேன். நல்ல பட்டியல்யா. இதுக்குள்ள பாதிக்கு மேல அதே சாமான்தான். ஏழு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு.”

ஐந்து இருபத்தைந்துக்கு விளையாட்டு இணையத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. ஐந்து நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. துண்டுச் சீட்டை நீட்டினேன். திரையில் ஒரு துறைமுகம் வந்தது. கூடை வைத்திருந்த ஒரு மீன்காரி நடுவில் நின்றாள். அது நான். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் உருவங்கள், கடை அடைக்கும் நேரத்தில் கூட்டம் கலையாமல் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தன. டோக்கன் அம்மா என்னை அவர்களுக்கு நடுவில் நடத்திக்கொண்டு போனார். தண்ணீரைப் பார்த்து இறங்கும் படிக்கட்டு. மூன்றாவது படியில் ஒரு உருவம் தனியாக உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் ‘கலங்கரை’ என்று எழுதியிருந்தது.

அதற்குள் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் வெளியே வந்துவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள்.

“செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருது?”

“இருபத்திரண்டு.”

“அடப் பாவமே. கண்ணு என்னத்துக்கு ஆகும்?”

“பெரியவர் வெளிய வந்தப்புறம் கம்பத்தத் தொட்டாரா?”

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. *அக்கா வந்துட்டியா. இன்னும் பத்து நிமிஷம்தான்.*

“என்ன போடட்டும்யா?” என்றார் டோக்கன் அம்மா.

“அக்கா இல்லைன்னு போடுங்க.”

போட்டார். *அப்ப யாரு?*

“யாருன்னு போடட்டும்?”

எட்டு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத வார்த்தையை, இருபது பேருக்கு முன்னால், ஒரு அந்நியப் பெண்மணியிடம் சொல்லி அடிக்க வைக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. வேறொன்று வந்தது.

“ஒன்பது கிலோ நானூறு கிராம்னு போடுங்க.”

“அதென்னய்யா கணக்கு?”

“போடுங்கம்மா.”

போட்டார். ஐந்து ஐம்பத்திரண்டு. பதில் இல்லை. ஐம்பத்து மூன்று. தலைவர் பின்னாலிருந்து, சபையின் இயந்திரத்தில் விளையாட்டு ஓட்டுவது விதிமீறல் என்று தொடங்கினார். “செத்த சும்மா இருங்க” என்றார் டோக்கன் அம்மா, திரும்பாமல்.

படியில் உட்கார்ந்திருந்த உருவம் எழுந்து நின்றது.

*அப்பா?*

“ஆமான்னு போடுங்க” என்றேன்.

நெரிசலார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “பெரியவரே, பட்டியல் போட்ட தெரிஞ்ச பையன் இவருதானா?”

“என் மகன்” என்றேன். “அந்தப் பட்டியல் போட்டது என் மகன்.”

பிறகு நான் சொல்லச் சொல்ல டோக்கன் அம்மா அடித்தார். எனக்கு விரல் ஓடாது. அவருக்கு ஓடியது. நான் சொன்னது இவ்வளவுதான்: “உன் பட்டியலப் பாத்தேன். இருபத்தொரு நாளா அத சட்டப்பையில வச்சுக்கிட்டு அலையிறேன். பெரிய பெரிய ஆளுங்க பாத்தாங்க. அதவிட நல்ல பட்டியல் யாருக்கும் போடத் தெரியல. அன்னைக்கு நான் தராசத்தான் பாத்தேன். தராசுல இருந்தத பாக்கல.”

ஐந்து ஐம்பத்தேழு. மீன்காரியும் கலங்கரையும் எதிரெதிரே நின்றார்கள். சுற்றிலும் இருந்த உருவங்கள் கையசைக்க ஆரம்பித்திருந்தன. பதில் வரவில்லை. டோக்கன் அம்மாவின் விரல்கள் காத்திருந்தன. நான் அந்த நாட்காட்டித் தாளை விரித்தேன். கடைசி வரியைப் பார்த்தேன்.

“பவர் சப்ளைக்குக் கேள்விக்குறி போட்டிருந்த. எத வாங்குறதுன்னு எனக்குத் தெரியல. நீதான் சொல்லணும்.”

அடித்தார். அனுப்பினார். ஐம்பத்தொன்பது.

*நீங்களா எதுவும் வாங்கிடாதீங்க*

*நான் வந்து பாத்து*

திரை வெள்ளையானது. ‘நீலத்துறையில் எங்களோடு இருந்ததற்கு நன்றி’ என்று கம்பெனி எழுதியிருந்தது. டோக்கன் அம்மா எதையெதையோ தட்டிப் பார்த்தார். அந்த வெள்ளை போகவில்லை. யாரோ ஒருவர், கடைசி இரண்டு நிமிடத்தில் பதினெட்டு ஃப்ரேமாக இறங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் எழுந்தேன். முதுகு நிமிர்ந்தது. படி இறங்கும்போது அந்தக் கம்பத்தின் மேல் என் கை பட்டது. வேண்டுமென்று தொடவில்லை.

அது நடந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. வீடு மாறவில்லை. வாசல் கதவை அவன் போனபோது இருந்த அதே நிறத்தில்தான் வைத்திருக்கிறேன். வழி தெரியாமல் போக நியாயம் இல்லை.

நேற்று சபையிலிருந்து கடிதம் வந்தது. என் மேல்முறையீடு அடுத்த பேரவையில் எடுத்துக்கொள்ளப்படுமாம். அதற்கு முன் மனுவை வாபஸ் வாங்க விருப்பமா, வாங்கினால் அதைச் சபையின் ஆண்டறிக்கையில் சேமிப்பாகக் காட்ட ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார்கள். புதிய படிவம் ஒன்றும் இணைத்திருந்தார்கள்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். வாபஸ் வாங்கவில்லை. மற்ற பாகங்கள் எல்லாம் முன்பு தாக்கல் செய்த பட்டியலின்படியே. பவர் சப்ளையைப் பற்றி மட்டும், விஷயம் தெரிந்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வரும்வரை என் மனுவை நிலுவையில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாள் என்று குறிப்பிட இயலாது.

பிறகு படிவத்தை நிரப்பினேன். பதினேழாவது கட்டத்தில் இந்த முறை கோடு போடவில்லை. ‘மகன்’ என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கியது.